வேறுவினைப் பொதுச்சொல்: முதலாமாண்டு மாணவர்களின் உணவுப் பழக்கமும் உடலியக்கமும் குறித்த வினாநிரல்களில் தமிழ்ச் சொல்லாட்சி

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக முதலாமாண்டு மாணவர்களின் உணவுப் பழக்கத்தையும் உடலியக்கத்தையும் அறிய வினாநிரல்களே பெரிதும் பயன்படுகின்றன. அவற்றுள் பல ஆங்கிலத்தில் உருவாகித் தமிழுக்கு வந்தவை. 'உணவு', 'உடற்பயிற்சி' ஆகிய சொற்களின் பொருளெல்லை தமிழில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைக் கருதாமல் அமைக்கப்படும் வினா, மாணவர் உண்மையைக் கூறினாலும் குறைவான விடையையே பெறும். தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறும் வேறுவினைப் பொதுச்சொல் மரபு இச்சிக்கலை விளக்கவும் தீர்க்கவும் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முதலாமாண்டு மாணவர், உணவுப் பழக்கம், உடலியக்கம், வினாநிரல், வேறுவினைப் பொதுச்சொல், மருந்து அதிகாரம்.

முன்னுரை

ஒரு மாணவரிடம் "காலையில் சாப்பிட்டாயா?" என வினவினால், "இல்லை" என்கிறார். அவர் விடியற்காலையில் சர்க்கரை மிகுந்த தேநீரும் பேருந்து நிலையத்தில் இரண்டு வடையும் எடுத்துக்கொண்டவராக இருக்கலாம். அவர் பொய் கூறவில்லை. தமிழில் 'சாப்பாடு' என்னும் சொல் அவ்விரண்டையும் உள்ளடக்குவதில்லை. ஆய்வாளரோ அவரைக் 'காலை உணவைத் தவிர்ப்பவர்' என்னும் பட்டியலில் சேர்க்கிறார். அட்டவணை பிழையற்றதாகத் தோன்றும். ஆயின் அம்மாணவர் உட்கொண்ட சர்க்கரையும் எண்ணெயும் அதில் இடம்பெறா.

ஊட்டச்சத்தியலும் உடற்கல்வியியலும் இப்பொருளை உடல் எடை, ஆற்றல் அளவு, நேரக்கணக்கு ஆகியவற்றால் அளக்கின்றன. அவ்வளவைகளுக்கு முன்னே நிற்பது மொழி. மாணவர் தம் நாளை எந்தச் சொற்களால் நினைவுகூர்கிறாரோ அச்சொற்களின் வழியேதான் தரவு பிறக்கிறது. எனவே, வினாவின் மொழியை ஆராய்வது தமிழியலுக்கும் உரிய பணியாகிறது.

1. முதலாமாண்டு என்னும் இடைநிலை

தமிழ்நாட்டில் பள்ளி மாணவரின் உணவு, அரசின் பொறுப்பாகவும் கருதப்பட்டு வந்துள்ளது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிவுற்றது. 2022இல் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சத்துணவு பத்தாம் வகுப்போடு நிறைவுறுகிறது. மேல்நிலை வகுப்புகளில் வீடு அப்பொறுப்பை ஏற்கிறது. கல்லூரியில் சேர்ந்த பின், குறிப்பாக விடுதியில் தங்குவோருக்கும் தொலைவிலிருந்து வந்து செல்வோருக்கும், எப்பொழுது எதை உண்பது என்பதை முதன்முறையாகத் தாமே முடிவுசெய்யும் நிலை வருகிறது.

உடலியக்கத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 5 முதல் 17 அகவையினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கின்றன. 18 முதல் 64 அகவையினருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான இயக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கும் 17 அகவை மாணவரும் 18 அகவை மாணவரும் இருவேறு அளவுகோல்களுக்கு உரியவர்கள். முதலாமாண்டினரைப் பற்றிய ஆய்வு அகவையைப் பிரித்துக் காட்டாவிடில், 'போதிய இயக்கம் உடையோர்' என்னும் வகைப்பாடே பொருளற்றுப் போகும்.

அமெரிக்கக் கல்விச்சூழலில், முதலாமாண்டில் மாணவரின் எடை 15 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 6.8 கிலோ, கூடும் என்னும் வழக்கு நிலவுகிறது. பின்வந்த தொகுப்பாய்வுகள் சராசரி உயர்வு 1 முதல் 2 கிலோ அளவினதே எனக் காட்டின. இவ்வழக்கை அப்படியே தமிழ்நாட்டிற்குக் கொணர்ந்து எடை உயர்வை மட்டும் தேடுவது பொருந்தாது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். அதே ஆய்வில் 40.4 விழுக்காட்டுப் பெண்கள் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்களாகவும் காணப்பட்டனர். குறையும் மிகையும் ஒரே சமூகத்தில், சில வேளைகளில் ஒரே உடலில், உடன் நிலவுகின்றன. 'எவ்வளவு' என்பதோடு 'எவ்வகை' என்பதையும் வினவ வேண்டிய தேவை இதனால் எழுகிறது.

2. 'உணவு' என்னும் சொல்லின் எல்லை

பல தொழில்களுக்குரிய பொருள்களைத் தன்னுள் அடக்கிய பொதுச்சொல்லை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தல் கூடாது என்பது கிளவியாக்கம் வகுக்கும் மரபு. இதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகளுள் தலையாயது 'அடிசில்'. அடிசில் என்பதனுள் உண்பனவும் தின்பனவும் நக்குவனவும் பருகுவனவும் அடங்கும்; ஆகவே 'அடிசில் உண்டார்' என்னாது, 'அயின்றார்' எனப் பொதுவினையால் கூறல் வேண்டும் என்பர். அணி, இயம், படை ஆகியவற்றிற்கும் இதே நெறி காட்டப்படுகிறது. பொருள்களைத் தனித்தனியே எண்ணிக் கூறும்போதும் இம்மரபே பின்பற்றப்படும்.

"நேற்று என்னென்ன உணவு உண்டீர்கள்?" என்னும் வினா இம்மரபிலிருந்து வழுவுகிறது. வழுவின் விளைவு இலக்கணத்தோடு நிற்பதில்லை; உண்பன மட்டும் நினைவிற்கு வர, ஏனைய மூன்றும் விடுபடுகின்றன. இன்றைய வழக்கில் இவ்வெல்லை மேலும் இறுகியுள்ளது. 'சாப்பாடு' என்பது பெரும்பாலும் சோற்றைக் குறிக்கிறது. இட்லி, தோசை முதலியன 'டிபன்' அல்லது 'பலகாரம்' எனப் பிரிந்து நிற்கின்றன. முறுக்கு, சமோசா, பிஸ்கட், சிப்ஸ் முதலியன 'நொறுக்குத்தீனி'. அவற்றிற்குரிய வினை 'கொறித்தல்'. ஒருவர் வீட்டில் உண்பதைக் 'கை நனைத்தல்' எனக் கூறும் வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. கை கழுவி, கலம் முன்வைத்து, அமர்ந்து கொள்வதே உணவு எனப்படுகிறது. கை நனையாமல் நடந்துகொண்டே தின்பது உணவுக் கணக்கில் சேர்வதில்லை.

முதலாமாண்டு மாணவரின் நாளில் கை நனையாத வகையே பெருகுகிறது. வகுப்புகளுக்கிடையே கிடைக்கும் சிறு இடைவேளையில் தேநீரும் பப்ஸும், மாலையில் பேருந்து நிறுத்தத்தில் பஜ்ஜி, இரவில் விடுதி அறையில் பாக்கெட் தின்பண்டம் என அது விரிகிறது. பருகுவன வகையில் விடுபடும் அளவு பெரிது. வழக்கமான கோலா வகைக் குளிர்பானம் 300 மி.லி. அளவில் 30 கிராமிற்கு மேல் சர்க்கரை கொண்டது. நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி கொள்வோர் எடுத்துக்கொள்ளும் தனிச் சர்க்கரை 50 கிராமிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் 10 விழுக்காட்டு வரம்பிலிருந்து பெறப்படும் கணக்கு. ஒரு குளிர்பானமும் சர்க்கரை மிகுந்த இரண்டு மூன்று குவளைத் தேநீரும் அவ்வரம்பை எட்டிவிடும். மாணவரோ அன்று 'ஒன்றும் சாப்பிடாதவர்' எனப் பதிவாகியிருக்கக்கூடும்.

தேநீர் மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கின்றன. எலுமிச்சை, நெல்லி ஆகியவற்றின் உயிர்ச்சத்து சி அதனை மிகுவிக்கிறது. குருதிச்சோகை பரவலாக உள்ள சூழலில், தேநீர் உணவோடு பருகப்பட்டதா, உணவிற்கு இடைப்பட்ட வேளையில் பருகப்பட்டதா என்பது அறியப்பட வேண்டிய செய்தி. பருகுவனவற்றைத் தனியே வினவாத வினாநிரல் இதனை அறிய இயலாது.

சொல்லின் மதிப்பும் விடையைத் திரிக்கிறது. காலையில் பழைய சோறு கொண்ட மாணவர் அதனை எழுதத் தயங்கி, 'டிபன்' என எழுதுவதுண்டு. சில இறைச்சி வகைகளின் பெயரை எழுதவும் தயக்கம் நிலவுகிறது. உணவுப்பெயர்கள் சமூகநிலையைச் சுட்டும் பெயர்களாகவும் இருப்பதே காரணம். வினாநிரலின் எடுத்துக்காட்டுப் பட்டியலில் இட்லி, பூரி, ரொட்டி ஆகியவற்றோடு பழைய சோறும் கஞ்சியும் களியும் இயல்பாக இடம்பெறுமாயின், மாணவர் தம் வீட்டு உணவை மறைக்க வேண்டிய தேவை குறையும்.

3. உடற்பயிற்சியும் உடலியக்கமும்

உடலியக்கம் என்பது எலும்புத்தசைகளால் நிகழ்ந்து ஆற்றலைச் செலவிடும் எவ்வகை அசைவும் ஆகும். உடற்பயிற்சி என்பது அதன் ஒரு பகுதியாக, திட்டமிட்டு, திரும்பத் திரும்ப, உடல்தகுதியைக் கருதிச் செய்யப்படுவது. காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் ஆகியோர் 1985இல் வகுத்துக்காட்டிய இவ்வேறுபாடு இத்துறையின் அடிப்படையாக விளங்குகிறது. தமிழ் வினாநிரலில் இரண்டிற்கும் 'உடற்பயிற்சி' என்னும் ஒரே சொல் இடம்பெறுமாயின் வேறுபாடு மறைந்துவிடும்.

'உடலியக்கம்' என்பதையும் வேறுவினைப் பொதுச்சொல்லாகக் கொள்ள இடமுண்டு. நடத்தல், மிதிவண்டி மிதித்தல், நீர் இறைத்தல், சுமத்தல், துவைத்தல், பெருக்குதல், ஆடுதல் ஆகிய பல வினைகள் அதனுள் அடங்கும். "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்பது அவற்றுள் ஒன்றற்குரிய வினையை அனைத்திற்கும் ஏற்றுவதாகிறது. ஊரிலிருந்து முதன்மைச் சாலை வரை நடந்து பேருந்து ஏறும் மாணவரும், வார இறுதியில் வயல் வேலையில் ஈடுபடுபவரும், விடிகாலையில் குடம் சுமப்பவரும் இவ்வினாவிற்கு "இல்லை" என்றே விடையளிப்பர்.

மாணவியரின் நிலையில் இவ்விடுபாடு மிகுதியாகிறது. கல்லூரி முடிந்து வீடு திரும்பிய மாணவி சமைத்து, பாத்திரம் துலக்கி, துணி துவைத்த பின்னும் "வீட்டில் சும்மாதான் இருந்தேன்" எனக் கூறுவது நடைமுறை வழக்கு. 'சும்மா' என்னும் சொல் ஊதியமற்ற உழைப்பை மூடிவிடுகிறது. உலக நலவாழ்வு அமைப்பின் உலகளாவிய உடலியக்க வினாநிரல், 'வேலை' என்பதனுள் ஊதியமற்ற வேலை, படிப்பு, வீட்டு வேலை ஆகியவற்றையும் அடக்குகிறது. தமிழ் மாணவியிடம் 'வேலை' என்று மட்டும் வினவினால், அவர் அதனைப் பணியாகவே கொள்வார்; "வேலைக்குப் போகவில்லை" என்பது அவர் விடை. இவ்வாறு பெறப்படும் தரவைக் கொண்டு மாணவியர் மாணவரினும் இயக்கம் குறைந்தவர் என முடிவுசெய்வது, மொழியால் நேர்ந்த இடைவெளியை உடலின் குறையாக மாற்றுவதாகும்.

எனினும், வீட்டு வேலை அனைத்தும் போதிய இயக்கம் எனக் கொள்ளுதலும் பிழையே. அதன் கடுமை அளக்கப்பட வேண்டும். 'மிதமான', 'கடுமையான' என்னும் அடைகள் தமிழில் மனநிலையையும் குறிப்பதால் தெளிவு தரா. சலிப்பூட்டும் வேலையும் கடுமையானதாகவே உணரப்படும். வியர்வையை அளவுகோலாகக் கொள்ளும் வினாவும் தமிழ்நாட்டின் கோடையில் பயன்படாது. நெரிசலான பேருந்தில் அசையாது நிற்பவருக்கும் வியர்க்கும். மூச்சே நம்பத்தக்க அளவுகோல். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் நிலை மிதமான இயக்கம். சில சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச இயலாத நிலை கடுமையான இயக்கம். 'மூச்சு வாங்குதல்', 'மூச்சிரைத்தல்' ஆகிய வழக்குச் சொற்களை இவ்விளக்கத்தோடு இணைத்துக் கையாளின் மாணவர் எளிதில் உணர்வர்.

'விளையாட்டு' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. 'விளையாட்டுப் பிள்ளை', 'விளையாட்டுத்தனம்', 'விளையாட்டாகச் சொன்னேன்' ஆகிய தொடர்களில் அது பொறுப்பின்மையைச் சுட்டுகிறது. பொதுத்தேர்வை முன்னிட்டு மேல்நிலை வகுப்புகளில் உடற்கல்விப் பாடவேளை பிற பாடங்களுக்கு மடைமாற்றப்படும் வழக்கம் இம்மதிப்பீட்டின் விளைவே. ஆதலின் முதலாமாண்டில் காணப்படும் இயக்கக் குறைவு கல்லூரியில் தோன்றியது எனக் கருதிவிட இயலாது; அதற்கு முந்தைய இரண்டாண்டுகளின் தொடர்ச்சியாகவும் அது இருக்கக்கூடும். "பத்தாம் வகுப்பில் வாரத்தில் எத்தனை நாள் ஓடி ஆடினீர்கள்?" என்னும் ஒரு வினா இதனை வெளிக்கொணரும்.

4. காலமும் அளவும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோய்க்கான மருந்தைப் பேசுவதற்கு முன் உணவையே விரிவாகப் பேசுகிறது. முன் உண்டது செரித்ததை அறிதல், நன்கு பசித்தல், உடலுக்கு மாறுபடாதவற்றைத் தேர்தல், அளவறிதல் ஆகியன அதன் சாரம். இவற்றுள் 'எதை உண்பது' என்பதைக் காட்டிலும் 'எப்பொழுது, எவ்வளவு' என்பவை முதன்மை பெறுகின்றன. முதலாமாண்டு மாணவரின் சிக்கலும் பெரும்பாலும் இவ்விரண்டிலேயே அமைந்துள்ளது.

அதிகாரம் உணவுக்குரிய காலத்தைப் பசியின் வழி வரையறுக்கிறது. கல்லூரி அதனை மணியின் வழி வரையறுக்கிறது. விடுதி உணவுக்கூடம் காலையில் திறந்திருக்கும் நேரமும், மாணவர் எழும் நேரமும், முதல் பாடவேளையும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. முற்பகல், பிற்பகல் எனச் சுழற்சி முறையில் இயங்கும் கல்லூரிகளில் இந்நெருக்கடி வேறு வடிவம் கொள்கிறது. முற்பகல் சுழற்சியினர் காலை உணவை இழக்க, பிற்பகல் சுழற்சியினர் நண்பகல் உணவை முன்னதாகவோ மிகத் தாமதமாகவோ கொள்ள நேர்கிறது. சிற்றூரிலிருந்து வருவோருக்குப் பேருந்தின் நேரமே உணவின் நேரம். இந்நிலையில் "ஏன் காலை உணவைத் தவிர்க்கிறீர்கள்?" என்னும் வினா, தவிர்த்தலை மாணவரின் விருப்பமாக முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. "காலையில் உண்ண எவ்வளவு நேரம் கிடைக்கிறது?" என்பதே நடுநிலையான வினா.

அளவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டு உணவகங்கள் 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' எனப் பிரிப்பது சோற்றின் அளவைக் கொண்டே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 2000 கிலோ கலோரிக்கான நாளுணவில் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம் எனக் காட்டுகின்றன. இவை சமைக்கப்படாத நிலையிலான அளவுகள். காய்கறியின் எடை தானியத்தினும் மிகுதி என்பது கருதற்பாலது. விடுதித் தட்டில் விகிதம் தலைகீழாக உள்ளது: சோறு வரம்பின்றியும், பொரியல் ஒரு கரண்டியாகவும் வழங்கப்படுகின்றன. கிராம் கணக்கை மாணவர் அறியார். கரண்டி, குழிக்கரண்டி, டம்ளர் ஆகியவற்றை அறிவார். வினாவும் அவ்வளவைகளிலேயே அமைதல் வேண்டும். அவற்றைக் கிராமாக மாற்றும் பணி ஆய்வாளருடையது.

5. வினாக்களைத் தமிழில் அமைத்தல்

மேற்கூறியவற்றிலிருந்து வினாநிரல் அமைப்பிற்குரிய சில நெறிகள் பெறப்படுகின்றன.

அ. 'வழக்கமாக', 'அடிக்கடி' ஆகிய சொற்களை விலக்கி, நேற்றைய நாளை வினவுதல்: "நேற்று எழுந்தது முதல் உறங்கும் வரை நடந்தவற்றை வரிசையாகக் கூறுக." ஒரு நாள் மட்டும் போதாது, வகுப்பு நாள் ஒன்றும் விடுமுறை நாள் ஒன்றும் இன்றியமையாதவை.

ஆ. உணவை வினைவழிப் பிரித்து வினவுதல்: "எவற்றை உண்டீர்கள்? இடையில் எவற்றைத் தின்றீர்கள் அல்லது கொறித்தீர்கள்? எவற்றைப் பருகினீர்கள்? ஐஸ்கிரீம் போன்றவற்றைச் சுவைத்தீர்களா?" நான்கு வினாக்களும் தனித்தனியே நிற்றல் வேண்டும்.

இ. இயக்கத்தையும் அவ்வாறே பிரித்தல்: "எங்கெங்கு நடந்தீர்கள்? எவற்றைத் தூக்கினீர்கள் அல்லது சுமந்தீர்கள்? வீட்டில் என்னென்ன செய்தீர்கள்? எதை ஆடினீர்கள்? தொடர்ந்து எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தீர்கள்?" தொடர்ந்து பத்து நிமிடம் நீடித்த இயக்கமே கணக்கில் சேரும் என்னும் பழைய வரையறை 2020 வழிகாட்டுதல்களில் கைவிடப்பட்டதால், சிறு நடைகளும் பதியப்பட வேண்டும்.

ஈ. எடையைப் பதிவுசெய்யும்போது ஆசியர்க்குரிய எல்லைகளைக் கொள்ளுதல். இந்தியர்க்கான ஒருமித்த பரிந்துரையில் (2009) உடல் நிறை எண் 23 முதல் மிகை எடையாகவும் 25 முதல் உடற்பருமனாகவும் கொள்ளப்படுகிறது. பிறர் முன்னிலையில் எடை பார்த்தல், எண்ணை உரக்கக் கூறுதல் ஆகியன முற்றிலும் விலக்கத்தக்கவை. இவ்வகவையில் உடல் குறித்த கூச்சம் பட்டினிக்கு வழிவகுக்கக்கூடும்.

6. பகுதி 1 தமிழ் வகுப்பின் இடம்

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் வேறு மொழியைத் தேர்ந்தோர் நீங்கலாக, எத்துறையைச் சார்ந்த முதலாமாண்டு மாணவரும் பகுதி 1இன் கீழ்த் தமிழ் பயில்கின்றனர். இயற்பியல் மாணவரும் வணிகவியல் மாணவரும் கூடும் பொதுவகுப்பு அது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு ஆகியன பகுதி 5இல் விரிவாக்கச் செயல்பாடுகளாக இடம்பெற்றிருப்பினும், மாணவர் அவற்றுள் ஒன்றையே தேர்கின்றனர். ஆகவே முதலாமாண்டினரின் நாளை அவர்தம் சொற்களிலேயே பதிவுசெய்வதற்குத் தமிழ் வகுப்பு பொருத்தமான களமாகும்.

மருந்து அதிகாரத்தைப் பயிற்றும்போது, ஒரு நாளின் உணவையும் இயக்கத்தையும் பெயர் குறியாது எழுதச்செய்யும் பயிற்சி இருவகைப் பயன் தரும். மாணவர்க்கு அது தம் நாளைத் தாமே காணும் வாய்ப்பு. துறைக்கு அது வட்டாரந்தோறும் வழங்கும் உணவுச்சொற்களையும் உழைப்புச்சொற்களையும் தொகுக்கும் வாய்ப்பு. ஒரு வட்டாரத்தில் 'பலகாரம்' என்பது காலை இட்லியையும், மற்றொரு வட்டாரத்தில் பண்டிகைத் தின்பண்டத்தையும் குறிக்கும். இத்தொகுப்பு இன்றி மாநிலம் முழுமைக்கும் ஒரே வினாநிரலைப் பயன்படுத்துவது இடர்ப்பாடு உடையது. எழுதுவது மாணவரின் விருப்பத்திற்கு உட்பட்டதாகவும் மதிப்பெண்ணோடு தொடர்பற்றதாகவும் இருத்தல் கட்டாயமாகும்.

முடிவுரை

முதலாமாண்டு மாணவர் குறைவாக உண்கின்றனர், தவறாக உண்கின்றனர், உடலை அசைப்பதில்லை என்னும் கூற்றுகள் பரவலாக உள்ளன. அவற்றுள் எவ்வளவு உண்மை என்பதை அறியும் கருவியே பழுதுற்றிருப்பின், அறிவுரையும் திட்டமும் இலக்குத் தவறும். தேநீரையும் வடையையும் தவறவிட்ட வினா, உணவைத் தவிர்ப்பவருக்கு 'காலை உணவு உண்க' என அறிவுரை கூறும். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லாது. குடம் சுமப்பதைத் தவறவிட்ட வினா, களைப்புற்ற மாணவியை 'உடற்பயிற்சி செய்க' என ஏவும். அவருக்கு ஓய்வும் இரும்புச்சத்தும் தேவை என்பதைக் காணாது.

பொதுச்சொல்லைச் சிறப்புவினையால் முடிக்கலாகாது என்னும் மரபு, சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் துல்லியமாகப் பேணும் நோக்கில் வகுக்கப்பட்டது. அத்துல்லியம் இன்றைய நலவாழ்வு ஆய்விற்கும் தேவைப்படுகிறது. ஊட்டச்சத்தியலாரும் உடற்கல்வியாளரும் வினாநிரல்களை மொழிபெயர்ப்பிற்குப் பின் தமிழ்த்துறையிடம் மெய்ப்புத் திருத்தத்திற்கு அனுப்புவதோடு அமையாது, வினாக்களை உருவாக்கும் நிலையிலேயே தமிழறிஞரை இணைத்துக்கொள்ளுதல் வேண்டும். வட்டாரச் சொற்றொகுப்பும், நால்வகைப் பகுப்பு வினாநிரலையும் வழக்கமான வினாநிரலையும் ஒரே மாணவர் குழுவிடம் அளித்து விடைகளை ஒப்பிடும் கள ஆய்வும் இத்திசையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.